இர்ஷாதின் அடிப் பிரஷர்

ஏறாவூர் றஸீனா ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. மதிலோரம் நிற்பாள், கதை தானாக வந்து காதில் விழும். அன்றைக்கும் கறிவேப்பிலை ஒடிக்கத்தான் போனாள். அந்தப் பக்கம் ஓமானிலிருந்து லீவில் வந்திருந்த இர்ஷாத் போனில் கத்திக்கொண்டிருந்தான். அங்கே என்ன வேலை என்று கேட்டால் 'கணக்கு' என்பான், அவ்வளவுதான்.

"மேல நல்லாத்தான் காட்டுது. அடியில பிரஷர் ரெண்டாயிரத்து எண்ணூறு மச்சான். இப்படியே போனா கனநாள் ஓடாது. மூடிப்போட்டுத்தான் பாக்கணும்."

றஸீனா கறிவேப்பிலையை மறந்தாள். நூற்றறுபதுக்கே டொக்டர் அவளை ஏசி மாத்திரை எழுதினார். இவனுக்கு ஆயிரக்கணக்கில்! ஓட்டமாவடி மீராசாஹிபின் மகள் றிஸ்லாவை இவனுக்குப் பேசி முடித்ததே அவள்தான். நாளைக்கு மாப்பிள்ளை விழுந்தால் ஊர் யாரைக் கிழிக்கும்?

பெண்ணின் சாச்சி, சின்னம்மாக்காரி கைறுன்னிஸாவுக்கு மட்டும் சொன்னாள். "மாப்பிள்ளைக்குப் பிரஷர் புள்ள, அடியில ரெண்டாயிரத்து எண்ணூறு. மூடுறதப் பத்தியும் கதைக்கான். ஒருத்தருக்கும் சொல்லிராத."

அஸர் தொழுகைக்குப் பிறகு மீராசாஹிப் பிரஷர் மெஷினோடு இர்ஷாத் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கினார். சலாமோடு சலாமாக மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பட்டியைச் சுற்றினார். நூற்றிருபது.

"மேல சரி. அடியில எவ்வளவு?"

இர்ஷாத் விழித்தான், பிறகு வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். "அது எனக்கில்ல மாமா, எண்ணெய்க் கிணத்துக்கு! எண்ணெய் ஓடக்குள்ள கிணத்தடியில எவ்வளவு அமுக்கம் இரிக்கி எண்டு பாக்கணும். அடிக்கு இறக்கின மீற்றர் பழுது. அதால கணக்குத்தான். மேல வாயில காட்டுறது, குழாய் நிறைய நிக்கிற எண்ணெய்ப் பாரம், ஏறி வரக்குள்ள உரசலில போனது. மூண்டையும் கூட்டினா அடி வரும்."

"மூடுறது?"

"கிணத்தத்தான்! ஓட்டத்த நிப்பாட்டி, பிரஷர் ஏறுதா எண்டு பாக்குறது."

மதிலுக்கு இப்பால் றஸீனா கறிவேப்பிலைக் கொப்பைப் பிடித்தபடி காதைக் கொடுத்தாள்.

மீராசாஹிப் தாடியைத் தடவினார். "அப்ப வாயில வாறத வெச்சி அடியப் பிடிக்கலாம். எனக்கு வந்த கதை, மாப்பிள்ளை ரெண்டு தரம் மயங்கி விழுந்தான், அடக்கத்துக்குக் கபன் புடவையும் எடுத்து வெச்சிரிக்கான் எண்டு. இதுக்கு அடி எங்க மகன்?"

"எண்ணெய் ஏறக்குள்ள பிரஷர் குறையும் மாமா. கதை ஏறக்குள்ள கூடும். கழிச்சித்தான் பாக்கணும். முதல்ல அந்தக் கபனக் கழிங்க. பிறகு மயக்கத்த..."

"மயக்கமும் கபனும் நான் சொல்லவே இல்ல! அது கைறுன்னிஸா போட்டது!" என்றது மதில்.

இரண்டு தலைகளும் மதில் பக்கம் திரும்பின.

"அடி தானா வந்திட்டு மாமா" என்றான் இர்ஷாத்.

மீராசாஹிப் பட்டியை மதிலுக்கு மேலால் நீட்டினார். "கையத் தா புள்ள. கலியாணத்துக்கு நீதான் முன்னுக்கு நிக்கணும். அதுக்குள்ள விழுந்திராத."