ஜீப்பைக் கண்டால் மூட்டை

குளக்கட்டுப் பக்கம் ஜீப்பின் சத்தம் கேட்டால் போதும், எங்கள் வாய்க்கால் ஒழுங்கையில் இருக்கிற கிழவர்கள் எல்லாருக்கும் இருபது வயது குறைந்துவிடும். இருமிக்கொண்டு படுத்திருந்த இளையதம்பி மண்வெட்டியோடு வரம்பில் நிற்பார். கண் மங்கிப்போன வீரகத்தி, தன் வீட்டு வாசலே தெரியாத மனிதர், வயலை மேற்பார்வை பார்ப்பதுபோல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். என் கணவர் ஏரம்பர் கொட்டிலுக்குள் ஓடிப்போய் ஒரு நெல் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். ஜீப் போனதும் அதே மூட்டையைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பார். அந்த மூட்டைக்கு வாயிருந்தால் எப்போதோ எங்களைத் திட்டியிருக்கும்.

ஜீப்பில் வருகிறவர் காணி உத்தியோகத்தர். கிழவர்கள் இப்படிக் கூத்தாடுவதற்குக் காரணம் இருந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்ட உலக யுத்த காலத்தில் இந்த அக்கராயன் காட்டில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அங்கே எங்களுக்கு இருந்தது பங்கு பிரித்துப் பிரித்துத் தேய்ந்துபோன புகையிலைத் தோட்டத் துண்டு. காணிக் கச்சேரி என்று காணி பங்கிடுகிற விசாரணை வைத்த அன்று ஆண்களை வரிசையில் நிறுத்தினார்கள். தொப்பி போட்ட ஒரு துரை உள்ளங்கையைத் தடவிக் காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒவ்வொருவரையும் ஒரு மூட்டை தூக்கச் சொன்னார். தள்ளாடினவனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். தூக்கினவனுக்குக் காணி கிடைத்தது.

அந்தச் சோதனை முடிந்துவிட்டது என்று எங்கள் ஆண்களுக்கு யாரும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. தலை நரைத்துப் பல் விழுந்த பிறகும் ஒவ்வொரு ஜீப்புக்கும் சோதனை எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

இதன்மேல் ஒரு கதை வேறு. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே 'ஏலாதவன்', உழைக்க முடியாதவன், என்று பதிந்துவிடுவார்களாம். அது காணி உத்தியோகத்தரின் கச்சேரிக்குப் போகுமாம். காணியைப் பறித்து வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்களாம். யார் சொன்னது என்று இளையதம்பியைக் கேட்டேன், வீரகத்தி என்றார். வீரகத்தியைக் கேட்டேன், இளையதம்பி என்றார். அதற்காக அந்தக் கதை பொய் என்று நான் நினைத்துவிடவில்லை. அரசாங்கம் எதையும் செய்யும் என்றுதான் நானும் பயந்தேன்.

எங்கள் வீட்டில் இவருக்கு, ஏரம்பருக்கு, அடிவயிற்றில் ஒரு பக்கம் குடல் இறங்கத் தொடங்கியிருந்தது. முதலில் எலுமிச்சம்பழம் அளவு. பிறகு அதைவிடப் பெரிது. பழைய வேட்டித் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்வார். பின்னேரம் மல்லாந்து படுத்துக் கையால் அமத்தி உள்ளே தள்ளிவிடுவார். கேட்டால் வாய்வு என்பார். வாய்வை யாராவது வேட்டி கட்டி வைத்திருப்பார்களா?

அந்தக் காலபோக அறுவடை முடிந்த கையோடு ஜீப் வந்தது. இவர் மூட்டையைத் தூக்கினார். ஜீப் கடந்துபோகும்வரை அசையாமல் நின்றார். பிறகு மூட்டை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கமாக விழுந்துவிட்டார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. இறங்கினதை உள்ளே தள்ள எவ்வளவோ நேரம் எடுத்தது. நான் நன்றாகப் பயந்துவிட்டேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். டிஸ்பென்சரிக்கு நடந்துபோய் அங்கே மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி பஸ்தியாம்பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தேன்.

பஸ்தியாம்பிள்ளை முல்லைத்தீவுக் கடற்கரை மனிதர். வளைத்துப் பேசத் தெரியாது. இவரைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"இதுக்குக் குளிசையும் இல்லை, எண்ணெயும் இல்லை. வெட்டித் தைக்கவேணும். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. அங்கையிருந்து அவையே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தி விடுவினம். உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை."

"போகாட்டில்?" என்று நான் கேட்டேன்.

"ஒருநாள் இறங்கினது திரும்பிப் போகாது. குடல் நெரிஞ்சுபோம். அண்டைக்கு என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை, அம்மா. ஐயரைத்தான் கூப்பிடவேணும்."

இவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். "பேரைப் பதியாமல் வெட்டுவினமோ?" என்று கேட்டார்.

பஸ்தியாம்பிள்ளைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "உது என்ன கேள்வி ஏரம்பர்? களவெடுக்கவோ போறியள்?" என்றார்.

செய்தி கேட்டு என் தம்பி செல்வநாயகம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தான். கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவன். கதிரையில் இருந்து, கால்மேல் கால் போட்டு, எல்லாவற்றுக்கும் வழி சொல்கிறவன்.

"அக்கா, அத்தானை ஆஸ்பத்திரியிலை இலவச வாட்டிலை போடாதை. காசு வாட்டு இருக்கு. காசு கட்டிப் படுக்கிறவனை ஏலாதவன் எண்டு ஒருத்தரும் எழுத மாட்டினம். மற்றது, இலவச வாட்டிலை நாலு சாதியும் பக்கத்துப் பக்கத்திலை கிடக்கும். எங்கடை ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"காசுக்கு எங்கை போறது?"

"மாடு ரண்டையும் வில். பிறகு பாப்பம்."

மாட்டை விற்றால் எதை வைத்து உழுவது? காணியைக் காப்பாற்ற மாட்டை விற்கச் சொல்கிறான் பென்சன்காரன். நான் அவனோடு அப்போது கதைக்கவில்லை. திரும்பவும் டிஸ்பென்சரிக்கு நடந்தேன்.

"காசு வாட்டிலை வெட்டுற டொக்டர் வேறையோ?" என்று பஸ்தியாம்பிள்ளையைக் கேட்டேன்.

"அதே டொக்டர். அதே கத்தி. அதே நூல்."

"அப்ப காசு எதுக்கு?"

"தனி அறை, ஒரு கதவு, ஒரு திரைச்சீலை. அவ்வளவுதான், அம்மா."

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன்: "ஒரு கதவுக்கும் திரைச்சீலைக்கும் நான் ரண்டு மாடு குடுக்க மாட்டன். அடுத்த கட்டிலிலை ஆர் கிடந்தால் எனக்கென்ன? அவனுக்கும் வருத்தம், இவருக்கும் வருத்தம். மண்ணெண்ணெய்க்கும் நெருப்புப் பெட்டிக்கும் அரசாங்கம் எங்களட்டை வரி எடுக்குது எண்டு நீதானே சொன்னனி? அந்தக் காசிலைதானே ஆஸ்பத்திரி நடக்குது? அது பிச்சையில்லை. எங்கடை."

தம்பி கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான். போகட்டும். ஆனால் இவர் அசையவில்லை.

"காணி போனால் நான் பிழைச்சு என்ன பிரயோசனம்?" என்றார்.

"நீங்கள் போனால் காணி என்ன செய்யும்? எழும்பி வந்து கொள்ளி வைக்குமோ?"

இவர் வேட்டித் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினார். சோறு வைத்தால் பாதியில் எழும்பினார். இருமல் வந்தால் இரண்டு கையாலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு இருமலுக்கும் நான் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தேன். இதுதான் கடைசியோ, இதுதான் கடைசியோ என்று எத்தனை தரம் பார்ப்பது? என்னால் முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் காணிக் கச்சேரி நடக்கப்போகிறது என்று பறை அடித்துச் சொன்னார்கள். வாய்க்கால் தண்ணீர், எல்லைச் சண்டை எல்லாம் அங்கேதான் விசாரிப்பார்கள். பெண்கள் போவதில்லை. நான் வெளுத்த சேலை உடுத்துக்கொண்டு இவரோடு வண்டியில் ஏறினேன்.

"நீ ஏன் வாறாய்?" என்றார்.

"கூட்டம் பாக்க" என்றேன்.

ஜீப்பில் வருகிற உத்தியோகத்தரை அன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட இளம் ஆள். இந்தப் பொடியனுக்கா இத்தனை கிழவர்கள் மூட்டை சுமந்தார்கள் என்று எனக்கு எரிந்தது. யாரோ ஒருவன் வாய்க்கால் மடையைப் பற்றி முறைப்பட்டு முடித்ததும் நான் எழுந்து நின்றேன். முன் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த என் மனிசர் திரும்பிப் பார்த்து, இரு, இரு என்று கண்ணால் கெஞ்சினார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஐயா, எனக்கு ஒரு விளக்கம் வேணும்."

"காணி விசயமோ, அம்மா?"

"காணி விசயம்தான். என்ரை மனிசனுக்குக் குடல் இறங்குது."

பள்ளிக்கூடம் முழுவதும் சிரித்தது. பியோன் ஓடிவந்தான். "அம்மா, இருங்கோ. இது ஆஸ்பத்திரி இல்லை."

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குத்தான் தம்பி இஞ்சை வந்தனான். நீர் தள்ளி நில்லும்." உத்தியோகத்தரைப் பார்த்துக் கேட்டேன்: "ஐயா, ஆஸ்பத்திரியிலை படுத்தால் காணியைப் பறிப்பியளோ? ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டால் இல்லையெண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

சிரிப்பு நின்றுவிட்டது. இளையதம்பி இருமலை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் உங்களுக்கு இப்பிடிச் சொன்னது? ஆஸ்பத்திரியிலை இருந்து எனக்கு ஒரு துண்டுக் கடுதாசியும் வாறதில்லை. ஆர் படுத்தது, ஆர் எழும்பினது எண்டு எனக்குத் தெரியாது. வருத்தம் வந்தவன்ரை காணியைப் பறிக்கச் சொல்லி ஒரு சட்டமும் இல்லை."

"அப்ப ஏன் உங்கடை ஜீப்பைக் கண்டவுடனை இந்தக் கிழவன்மார் மூட்டை தூக்கினம்?"

அவர் முழித்தார். "அது... அக்கராயன் ஆக்கள் நல்ல முயற்சிக்காரர், எந்த நேரம் போனாலும் வேலைதான் எண்டு நான் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் இடுப்பு முறிய நின்றது, குடல் இறங்க நின்றது, யாரும் வைக்காத ஒரு சோதனைக்கு. கேட்ட கேள்விக்கு மறுமொழி கிடைத்துவிட்டது, நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"அண்டைக்கு மூட்டை தூக்கிக் காட்டினது காணி எடுக்க. அதுக்குப் பிறகு காடு வெட்டினது, யானை கலைச்சது, குலைப்பன் காய்ச்சலிலை கிடந்து எழும்பினது எல்லாம் இவையள்தான். அதுக்கு மேலை என்னத்தைக் காட்டவேணும்? இவர் ஏலாமல் போனது இந்தக் காணியிலைதான், ஐயா. இஞ்சை உழைச்சுத்தான் ஏலாமல் போனவர். இனி அரசாங்கம் இவரைப் பாக்கட்டும்."

உத்தியோகத்தர் முன் வாங்கைப் பார்த்து, "இதிலை இந்த அம்மாவின்ரை மனிசன் ஆர்?" என்று கேட்டார்.

இவர் எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். இந்த மனிதனுக்காகவா இவ்வளவு கத்தினேன் என்று எனக்கு அழுகை முட்டியது. இவர் இப்படியே வீட்டுக்கு வந்து, துண்டை இறுக்கிக் கட்டி, ஒரு நாள் குசினி வாசலில் விழுந்து சாவார். அதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்போது வாங்கு கிறீச்சிட்டது. இவர் ஒரு கையை வாங்கில் ஊன்றி மெல்ல எழுந்தார். மற்றக் கை அடிவயிற்றில் இருந்தது. அதை எடுக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அத்தனை பேருக்கும் முன்னால் பிடித்தபடியே நின்றார்.

"நான்தான் ஏரம்பு. எனக்கு மூட்டை தூக்க ஏலாது, ஐயா. இனித் தூக்கவும் மாட்டன். காணி என்ரைதான்."

இவர் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. சொன்னார். அத்தனை வருடத்தில் ஓர் உத்தியோகத்தருக்கு முன்னால் இவர் அப்படி நிமிர்ந்து கதைத்து நான் கண்டதில்லை.

"உங்கடைதான்" என்றார் உத்தியோகத்தர்.

பின் வாங்கிலிருந்து வீரகத்தி, "எனக்குக் கண் தெரியிறேல்லை ஐயா!" என்று கூவினார். இளையதம்பி அடக்கி வைத்திருந்த இருமல் முழுவதையும் அங்கேயே இருமித் தீர்த்தார். அதற்குப் பிறகு யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, அவரவரே சொன்னார்கள். பியோன் யாரை இருக்கச் சொல்வது என்று தெரியாமல் நின்றான்.

வெளியே வந்து மாட்டைப் பூட்டினேன். இவர் வண்டிக்குள் வைக்கோலில் சாய்ந்தார். வீரகத்தியும் இளையதம்பியும் கேட்காமலே பின்னால் ஏறினார்கள்.

"வீட்டை போய் உடுப்பு எடுக்கிறதோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். கிளிநொச்சிக்கு விடு" என்றார்.

கயிற்றை நானே பிடித்தேன். ஒரு பெண்பிள்ளை வண்டி ஓட்டுகிறாள் என்று வழியில் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். எனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கை இல்லை. என் மனிசர் பின்னால் உயிரோடு கிடந்தார். பள்ளத்தில் வண்டிச் சில்லு விழும்போதெல்லாம் என்னை வாய் நிறையத் திட்டினார்.