இதர காரணங்கள்

சியோலில் ஒரு கருத்துக் கணிப்பு நிறுவனத்தில் மிரான் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தாள். முதல் ஆறு வருஷம் தொலைபேசியில் கேள்வி கேட்டாள். தொண்டை கெட்டு, குரல் தகரத்தை உரசுவது போல ஆனபிறகு அவளைச் சரிபார்ப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். மற்றப் பெண்கள் எடுத்த பேட்டிகளில் பத்துக்கு ஒன்றை ஒலிப்பதிவில் கேட்க வேண்டும். எழுதிக் கொடுத்தபடியே கேள்வி கேட்டார்களா, பதிலைச் சரியான கட்டத்தில் குறித்தார்களா என்று பார்க்க வேண்டும். தெரிந்தவர் குரல் வந்தால் அந்தப் பதிவை உடனே இன்னொருவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரலும் வந்ததில்லை.

செவ்வாயிலிருந்து வியாழன் வரை ஆயிரம் பேரிடம் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை காலை முடிவு வெளிவரும். முதல் கேள்வி எந்த வாரமும் மாறாது. அதிபர் தன் வேலையை நன்றாகச் செய்கிறாரா, இல்லையா?

புதிய அதிபர் பதவிக்கு வந்த மாதத்தில் நூற்றுக்கு ஐம்பத்திமூன்று பேர் நன்றாகச் செய்கிறார் என்றார்கள். அறுவடைத் திருநாள் வருவதற்குள் அது நாற்பதாயிற்று. குளிர்காலத்துக்குப் பின் முப்பதுக்கும் கீழே போனது. செய்தித்தாளில் அது சரிந்து இறங்கும் ஒரு கோடு. மிரானுக்கு அது வெறும் கோடு இல்லை, காதில் விழுந்த குரல்கள். ஆரம்பத்திலிருந்தே திட்டியவர்கள் இப்போதும் அதே சுருதியில் திட்டினார்கள். அவர்களால் கோடு இறங்கவில்லை. முன்பு "நல்லா செய்றார்" என்று கேள்வி முடியும் முன்னே சொன்னவர்கள், பிறகு ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னார்கள். பிறகு, "மத்தவங்க என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டார்கள். கடைசியில் "சரியில்ல" என்றார்கள், கெட்டுப்போன தம்பியைப் பற்றிச் சொல்வது போலத் தணிந்த குரலில்.

அவள் கணவன் யோங்சிக் நகரப் பேருந்து ஓட்டுநர். அதிபருக்கும் அவனுக்கும் சொந்த மாவட்டம் ஒன்று. தேர்தலுக்கு முன் அவர் பேருந்துப் பணிமனைக்கு வந்து ஓட்டுநர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மொச்சை முளைச் சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். யோங்சிக்கின் கையைப் பிடித்து, "அண்ணே, இந்தக் கை காய்ச்சுப் போயிருக்கே" என்றார். அதற்கப்புறம் யோங்சிக்கைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அந்த வருஷத்து விடுப்பையெல்லாம் எடுத்து, கட்சிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சந்தை வாசலில் இருபத்திரண்டு நாள் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இடுப்பை வளைத்து வணங்கினான்.

வெள்ளிக்கிழமைகளில் அவளைச் சீண்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

"இந்த வாரம் எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"நாங்க ஒண்ணும் போடல, சேயின் அப்பா," என்பாள், மகளின் பெயரைச் சேர்த்து. "ஜனங்க சொன்னது."

"எந்த ஜனங்க? பதினஞ்சு வருஷமா ஒரே நம்பர் வெச்சிருக்கேன். எனக்கு ஒரு தடவையாவது வந்துச்சா? எவன் திட்டுவான்னு மோப்பம் பிடிச்சுப் போன் பண்றீங்க."

"நம்பரைக் கம்ப்யூட்டர் எடுக்குது."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு யார் சோறு போடறா?"

வெளியே அறை எடுத்துத் தங்கியிருந்த மகள் சேயினும் அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் வந்து, கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஜனவரியில் பெய்த பனியோடு அந்தச் சிரிப்பு நின்றது.

நகரத்துக்கு வெளியே உறைந்த உணவு வைக்கும் கிடங்கு ஒன்றின் கூரை, பனியின் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. பதினோரு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி, அங்கே வேலை பார்த்த நாரே. கல்லூரி நாளிலிருந்து சேயினோடு ஒரே அறையில் இருந்தவள். அவள் ஊர் தெற்கே ஒரு தீவில், போய்வரவே இரண்டு நாள் வேண்டும். அதனால் திருநாளுக்கு இவர்கள் வீட்டுக்குத்தான் வருவாள். யோங்சிக்கை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு கிண்ணம் சோறு தின்றுவிட்டு, பானை அடியில் தீய்ந்ததையும் சுரண்டுவாள். "நம்ம பொண்ணு கோழி மாதிரி கொறிக்குது, இதுதான் மனுஷங்க மாதிரி சாப்பிடுது" என்று யோங்சிக் சொல்லுவான்.

கூரை விரிசல் விட்டிருப்பதாக வேலைக்காரர்கள் முன்பே புகார் கொடுத்திருந்தார்கள். யார் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்று விசாரிக்கச் சொல்லி, இறந்தவர்களின் குடும்பங்கள் அதிபர் அலுவலகத்துக்கு ஒரு ஸ்டாப் தள்ளி, தெருவோரம் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அதிபர் வரவில்லை. அவர்களை உள்ளே கூப்பிடவும் இல்லை.

ஏப்ரலில் ஒருநாள், மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சியில் அந்தக் கூடாரத்தைக் காட்டினார்கள்.

"அவர் வந்தா மட்டும் செத்தவங்க எழுந்து வரப்போறாங்களா?" என்றான் யோங்சிக். "எதிர்க்கட்சிக்காரன் கொண்டுவந்து உக்கார வெச்சிருக்கான். பொணத்தை வெச்சு அரசியல்."

சேயின் நிமிர்ந்து பார்த்தாள். "யார் பொணம், அப்பா?"

"நான் பொதுவா சொன்னேன்."

"பொதுவா என்ன? அங்க இருக்கறதே பதினோரு போட்டோ. அதுல ஒருத்தி இந்த நாற்காலில உக்காந்து சாப்பிட்டவ."

"உனக்கு அரசியல் தெரியாது."

"எனக்கு நாரேவைத் தெரியும்," என்று சொல்லி அவள் கரண்டியை வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். அப்பாவின் பிறந்தநாளுக்கு வரவில்லை. அறுவடைத் திருநாளுக்கும் வரவில்லை. அம்மாவோடு மட்டும் போனில் பேசினாள்.

யோங்சிக் முன்னைவிட உரக்க அதிபருக்குப் பரிந்து பேசினான். வீட்டில் மறுத்துப் பேச ஆள் இல்லாதபோதும் பேசினான்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், புதிதாகச் சேர்ந்த பெண் எடுத்த பேட்டி ஒன்றை மிரான் கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்ட குரலுக்கு எதிர்முனையில் பணிமனை இரைச்சல், பேருந்துக் கதவு புஸ்ஸென்று மூடும் சத்தம்.

"சரியா செய்யல," என்றது ஓர் ஆண் குரல்.

மிரான் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முப்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்து எழுந்தவனின் குரல்.

"ரொம்ப மோசமா, கொஞ்சம் மோசமாங்க ஐயா?"

"நான் அவருக்கு ஓட்டுக் கேட்டு அலைஞ்சவம்மா... கொஞ்சம்னு போட்டுக்க."

"ஏன் அப்படி நினைக்கிறீங்க?"

அந்தப் பெண், "ஐயா?" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள்.

"நான் பஸ் ஓட்டறேன். அந்தக் கூடாரம் இருக்குல்ல, அதுக்கு நேர் முன்னாடி ஒரு ஸ்டாப். தெனம் எட்டுத் தடவை அங்க நிறுத்தி எடுக்கறேன். போன வாரம் ஒரு அம்மா ஏறினாங்க. செத்துப்போன ஒரு பொண்ணோட அம்மா. அந்தப் பொண்ணு எங்க வீட்ல சாப்பிட்டிருக்கு. என்னை அப்பான்னு கூப்பிடும். போட்டோல பாத்திருக்கேன், அதான் அடையாளம் தெரிஞ்சுது. அவங்களுக்கு என்னைத் தெரியாது. இறங்கறப்ப, 'நன்றி டிரைவர், உங்களுக்கும் கஷ்டமான வேலைதான்' அப்படின்னாங்க. எனக்கு... அவங்க எனக்கு நன்றி சொல்றாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஒரு ஸ்டாப்தாம்மா. அவர் ஆபீஸ்லேருந்து ஒரே ஸ்டாப். நடந்து வந்தாக்கூடப் பத்து நிமிஷம். பத்து மாசமா வரல. நானும் தெனம் எட்டுத் தடவை அங்க வரேன், ஒரு தடவை இறங்கல. என் பொண்ணுகிட்ட வேற வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

அந்தப் பெண் திணறினாள். "இதை... மக்களோட பேசறதில்லைங்கற காரணத்துல போடட்டுங்களா ஐயா?"

"எதுலயாவது போடும்மா. அப்புறம், முன்ன கொஞ்சம்னு சொன்னேன்ல, அதை ரொம்பன்னு மாத்திக்க."

"சரிங்க ஐயா."

"எங்க வீட்டம்மாவும் இந்த வேலைதான் பாத்தா. தொண்டையைப் பாத்துக்க. வெந்நீர் குடி."

மிரான் அந்தப் பதிவை இன்னொருவருக்குத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. நான்கு தடவை கேட்டாள். காரணங்களின் பட்டியலில் பதினெட்டுக் கட்டங்கள் இருந்தன. விலைவாசி, வெளியுறவு, பேச மறுப்பது, ஆள் நியமனம்... அவன் சொன்னது எதிலும் அடங்கவில்லை. 'இதர காரணங்கள்' என்ற கடைசிக் கட்டத்துக்கு மாற்றிவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்து அழுதாள்.

மறுநாள் வெளியான எண் இருபத்தொன்று.

"இருபத்தொண்ணாம்!" என்றான் யோங்சிக், சாப்பாட்டு மேசையில். "புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" சொல்லிவிட்டு வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டான். மிரானுக்கு நாக்கின் நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள், விழுங்கிவிட்டாள். கிம்ச்சி ஊறுகாயை மட்டும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவனிடம் அடக்கியவளால் மகளிடம் அடக்க முடியவில்லை. சனிக்கிழமை போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் சேயின் கேட்டது இதுதான்.

"அம்மா, நான் அவருக்கு யாரு?"

"என்னடி கேள்வி இது?"

"முகம் தெரியாத ஒருத்திகிட்ட அவ்வளவும் சொல்றாரு. என்கிட்ட ஒரு வார்த்தை வரலையா? ஏழு மாசம் அம்மா. தெனமும் போனை எடுத்து எடுத்துப் பாத்தேன்."

"அவருக்குச் சொல்லத் தெரியலடி. உன் குரலைக் கேட்டா வாய் கட்டிப்போகும்."

"எனக்கும் கட்டித்தான் போச்சு," என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். சமாதானம் ஆகும் என்று நினைத்துச் சொன்னது, காயத்தை இன்னும் ஆழமாக்கிவிட்டதே என்று மிரான் தவித்தாள்.

திங்கட்கிழமை பிரிவுத் தலைவி கியோங்சுக் அவளைக் கூப்பிட்டாள். ஒரே பதிவை நான்கு தடவை கேட்டதும் கட்டத்தை மாற்றியதும் கணினியில் பதிவாகியிருந்தன.

"லைன் சரியில்லையா அக்கா? ஆமான்னு சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

கியோங்சுக் வழி விட்டுத்தான் கேட்டாள். மிரானால் அந்த வழியில் போக முடியவில்லை. குரல் யாருடையது என்று சொன்னாள். மகளிடம் சொன்னதையும் சொன்னாள்.

கியோங்சுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "ஏன் அக்கா வெளில சொன்னீங்க? அவங்க நம்மகிட்ட பேசறதே, யாருக்கும் தெரியாதுங்கற ஒரே நம்பிக்கைலதானே."

"தெரியும்மா. அதனாலதான் உன்கிட்ட பொய் சொல்லல."

அந்தப் பேட்டியைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். மாத முடிவில் மிரான் வேலையை விட்டாள். காது வலி என்று வீட்டில் சொன்னாள். "நல்லதாப் போச்சு, அந்தப் புளுகுமூட்டைங்க சகவாசம் விட்டுது" என்றான் யோங்சிக். அன்று மாலை அவனே கடைக்குப் போய்க் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கிவந்தான். அவள் தலையை மடியில் சாய்த்துவைத்து, இரண்டு சொட்டு விட்டான். வலிக்காத காதில் மருந்து சில்லென்று இறங்கியபோது அவளுக்குக் கண் கலங்கியது.

ஜனவரியில் விபத்தின் முதல் நினைவு நாள் வந்தது. மிரான் காலையிலேயே கூடாரத்துக்குப் போய், வந்தவர்களுக்குச் சூடான சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். சேயின் படங்களின் பக்கத்தில் நின்று, வந்தவர்கள் கையில் வெள்ளைச் சாமந்தி கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஒரு பேருந்து வந்து நின்றது, போனது. அது விட்டுப்போன இடத்தில் யோங்சிக் நின்றான். பணிச் சீருடையில், கழுத்தில் துணி இல்லாமல், கையில் ஒரு பெட்டி பேரிக்காயோடு. அவன் வருவான் என்று மிரானுக்குத் தெரியாது.

உள்ளே வராமல் நடைபாதை ஓரத்திலேயே நின்றான். நாரேயின் அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"நம்ம பஸ் டிரைவர்தானே நீங்க? உள்ள வாங்க, குளுருது."

யோங்சிக் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினான். "நாரே எங்க வீட்ல சாப்பிட்டிருக்கும்மா. நல்லா சாப்பிடும். நான் முன்னாடியே வந்திருக்கணும். வரல."

அந்த அம்மா பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் படங்களின் முன்னால் வந்தபோது சேயின் நிமிரவில்லை. ஒரு சாமந்தியை எடுத்து நீட்டினாள், எல்லோருக்கும் நீட்டியது போல. அவன் அதை நாரேயின் படத்தடியில் வைத்தான். இரண்டு தடவை தரையில் விழுந்து வணங்கினான். இரண்டாவது தடவை எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. எழுந்து மகளைப் பார்த்து வாயைத் திறந்தான். பின்னால் வரிசை நின்றது. வாயை மூடிக்கொண்டு, தலையை ஒரு முறை ஆட்டிவிட்டு வெளியே போனான்.

மிரான் சேயினின் பக்கம் வந்தாள். "கூப்பிடேண்டி."

"இன்னிக்கு வேணாம்மா." அவன் போன திசையையே பார்த்தாள். "எவ்வளவு எளைச்சுட்டாரு. கழுத்துக்கு ஒண்ணும் போடாம வந்திருக்காரே."

அந்த வாரத்து எண் பதினெட்டு. மாலைச் செய்தியில் நான்கு பேர் உட்கார்ந்து அதற்குக் காரணம் சொன்னார்கள். அரிசி விலை என்றார் ஒருவர், அமைச்சரவை என்றார் இன்னொருவர். யோங்சிக் இந்தத் தடவை புளுகு என்று சொல்லவில்லை. தொலைக்காட்சியை அணைத்தான். அணைந்த திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அவ ஏதாவது சொன்னாளா?"

"கழுத்துக்குப் போடாம வந்திருக்காரேன்னா."

"அவளா சொன்னா? நீ சேத்துச் சொல்றியா?"

"அவதான் சொன்னா, சேயின் அப்பா."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தோள் குலுங்குவதைப் பார்த்தும், மிரான் பார்க்காதவள் போலச் சாப்பிட்ட கிண்ணங்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.