சேதுபதி கொண்டுவந்த கல்

சேதுபதி இறந்து எட்டு மாதம் ஆகியும், அவன் பேச்சு வந்தால் அந்தக் கல்லும் கூடவே வந்தது.

ஜூரோங்கில் மேட்டை வெட்டிச் சமப்படுத்தும் வேலையில் அவன் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தான். மழை விட்ட ஒரு காலையில், வெட்டிய சரிவுக்குக் கீழே போகாதே என்று வேலையை மேற்பார்த்த மண்டோர் கத்தியதையும் கேட்காமல், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் ஒரு கல்லை எடுத்தான். அவன் திரும்புவதற்குள் மண் சரிந்துவிட்டது. அவனுடைய சட்டை, கடிகாரம், சாப்பாட்டுத் தூக்கு இவற்றோடு அந்தக் கல்லையும் செய்தித்தாளில் சுற்றி ரோவல் ரோட்டு மாடி வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"கல்லு பொறுக்கப் போய் உசிரை விட்டவன்லா என் தம்பி" என்று அண்ணன் கோவிந்தசாமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். துக்கத்தில் சொல்கிறாரா, கோபத்தில் சொல்கிறாரா என்று தெரியாது. சேதுபதியின் மனைவி லீலா ஒவ்வொரு முறையும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இரண்டு உள்ளங்கை சேர்ந்த அளவில், ஊதா நிறத்தில் இருந்தது கல். ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய கோடுகள் விசிறிபோல் விரிந்திருந்தன. மாமியார் முத்தாயி அதைப் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மயில் தோகைடி! என் புள்ளையை எடுத்துக்கிட்டு முருகன் வந்திருக்கான்" என்றாள். அன்றே கல் சாமி மாடத்தில் ஏறியது. செவ்வாய்தோறும் அதற்குச் சந்தனம், குங்குமம், செவ்வரளிப் பூ.

லீலா தடுக்கவில்லை. பெற்ற மகனைப் பறிகொடுத்தவள் எதையாவது பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் அவளுக்குச் சாமி வேண்டியிருக்கவில்லை. கல்லுக்குள் சிப்பி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிய வேண்டும். ஏன் தெரிய வேண்டும் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளியில் கூடப் படித்த பரீதா இப்போது புக்கிட் தீமா வளாகத்தில், பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் வேலை பார்த்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் லீலா அவளை வரவழைத்தாள். பரீதா ஒரு துணிப்பையோடு வந்தாள். பையில் பூதக்கண்ணாடி, சின்ன ஆசிட் சீசா, சுத்தியல், உளி.

"நகைக்கடை ஆசாரி மாதிரி வந்திருக்கியே" என்றாள் முத்தாயி.

"நகைன்னா சேதாரம் கழிப்பேன் அம்மா. இது கல்லு, கூலிகூடக் கிடையாது" என்று சிரித்தாள் பரீதா.

ஆனால் கல்லைக் கையில் வாங்கியதும் அவள் முகம் மாறியது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். குங்குமத்தை முந்தானை நுனியால் மெதுவாகத் துடைத்தாள்.

"இப்படிக் கோடு தெரியுற கல்லு நிறைய உண்டு லீலா. பாதிக்கு மேல வெறும் துரு. மழைத் தண்ணி உள்ளே எறங்கி வளையம் வளையமாக் கறை போடும். கறைன்னா அதுக்கு ஓரமே இருக்காது, கல்லு பூரா ஓடும். உசிரு இருந்த ஒண்ணோட அச்சுன்னா அதுக்குன்னு ஒரு ஓரம் இருக்கும். எல்லாக் கோடும் ஒரே முனையில இருந்து கிளம்பி விரியும்."

"இதுல?"

"முனை தேஞ்சு போயிருக்கு. ஓரமும் தெரியலை. எவ்வளவு வழவழன்னு இருக்கு பாரு." சீசாவைத் திறந்தாள். "சிப்பி ஓடு சுண்ணாம்பு. கொஞ்சமாவது மிச்சம் இருந்தா ஆசிட் பட்டதும் நுரைக்கும்."

ஒரு சொட்டு விட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். சொட்டு அப்படியே கிடந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் தண்ணீர்போல் கிடந்தது.

பரீதா நிமிர்ந்தாள். "அம்மா, இதை எதுல கழுவுறீங்க?"

"எதுலன்னு கேக்குறே? குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரிதான். புளி வெச்சு, தேங்கா நார் போட்டு, பளபளன்னு" என்றாள் முத்தாயி பெருமையாக. "வாரம் தவறினது இல்லை."

பரீதா சீசாவை மூடினாள். பிறகு சொன்னாள்: "புளியும் ஒரு ஆசிட்தான் அம்மா. மேல ஓடு இருந்திருந்தாலும் இத்தனை வாரத்துல கரைஞ்சு போயிருக்கும். இருந்துச்சா, இல்லையான்னு இனிமே மேல பார்த்துச் சொல்ல முடியாது."

முத்தாயி கையை வாய்மேல் வைத்தாள்.

"அப்ப தெரிஞ்சுக்க வழியே இல்லையா?" என்றாள் லீலா.

"உள்ளே புளி எறங்கியிருக்காது. அடுக்கு பார்த்துப் பிளந்தா தெரியும்."

"சாமியை உடைக்கிறதா?" முத்தாயி கல்லைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "என்னை உடைச்சுட்டு அதை உடைங்க."

பரீதா பையைக் கட்டத் தொடங்கினாள். லீலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். மாமியாரின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அவங்க போறதுக்கு மொதல் நாள் சாப்பிடும்போது சொன்னாங்க, மேட்டுக்குள்ளே சிப்பி இருக்கு, அந்த மலை ஒரு காலத்துல கடலுக்கடியில கெடந்திருக்குன்னு. நான் சிரிச்சேன். உங்க அண்ணன் கேட்டா ஊரெல்லாம் சொல்லிக் கேலி பண்ணுவாருன்னேன். கையில கொண்டுவந்து காட்டுங்க, அப்புறம் நம்புறேன்னு சொன்னேன்." அவள் கல்லைக் காட்டினாள். "நான் கேட்டதுக்குத்தான் அத்தை எறங்கிப் போனாங்க."

தெருவில் ஐஸ்காரனின் மணி அடித்துக்கொண்டே போனது. முத்தாயி மடியில் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள், அல்லது அடிப்பாள் என்று லீலா காத்திருந்தாள்.

"எட்டு மாசம்" என்றாள் முத்தாயி கடைசியில். "ஒரே தட்டுல சாப்பிட்டோம். ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

அவள் எழுந்தாள். செம்பைக் கழுவித் தண்ணீர் நிரப்பினாள். வாசல் தோரணத்திலிருந்து நாலு மாவிலையைப் பிய்த்துச் செருகி, மஞ்சள் தடவிய தேங்காயை மேலே வைத்தாள். அந்த ஆண்டு கோயிலில் திருப்பணி தொடங்கியபோது குருக்கள் செய்ததை அவள் முன்வரிசையில் நின்று பார்த்திருந்தாள். சிலையில் இருக்கும் சாமியைக் கலசத்துக்கு எழுந்தருளச் செய்துவிட்டுத்தான் கொத்தனாரைக் கருவறைக்குள் விடுவார்கள். அவளுக்கு மந்திரம் தெரியாது. கல்லையும் கலசத்தையும் தர்ப்பைப் புல்லுக்குப் பதில் மஞ்சள் நூலால் சேர்த்துக் கட்டினாள். கற்பூரம் காட்டினாள்.

"முருகா, கொஞ்ச நேரம் இந்தத் தண்ணியில வந்து இரு. எங்க வீட்டு விஷயம் ஒண்ணு பார்க்கணும்."

கற்பூரம் அணைந்ததும் நூலை அறுத்தாள். கல்லை எடுத்துப் பரீதாவிடம் நீட்டினாள். "இப்ப வெறும் கல்லுதான். உடை."

பழைய சாக்கை விரித்து அதன்மேல் கல்லை நிறுத்தினாள் பரீதா. பக்கவாட்டில் விரலை ஓட்டி அடுக்கைத் தேடி, உளியை வைத்துத் தட்டினாள். முதல் பிளவில் ஒன்றும் இல்லை. மங்கலான செம்பழுப்பு வளையங்கள் மட்டும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓடியிருந்தன.

"இது துரு" என்றாள் பரீதா மெதுவாக. லீலாவைப் பார்க்காமல் அடுத்த அடுக்கில் உளியை வைத்தாள்.

இரண்டாவது தட்டலில் கல் புத்தகம்போல் திறந்தது.

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியதாக, வெளுத்த ஒரு சிப்பி படுத்திருந்தது. கோடுகள் எல்லாம் ஒரு முனையில் பிறந்து விரிந்து, வளைந்த ஓரத்தில் சரியாக நின்றன. எதிர்ப் பக்கத்தில் அதன் குழிந்த அச்சு. பரீதா குச்சி முனையில் ஆசிட்டைத் தொட்டு ஓரத்தில் வைத்தாள். ஊசி முனையளவு குமிழிகள் புசுபுசுவென்று எழுந்தன.

"நுரைக்குது லீலா" என்றாள்.

முத்தாயி கிட்டத்தில் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மட்டி மாதிரியே இருக்கு. சாங்கி கடற்கரையில சின்ன வயசுல சட்டை நிறையப் பொறுக்கிட்டு வருவான்." பிறகு யாருக்கோ பதில் சொல்வதுபோல, "கண்ணு தப்பலை என் புள்ளைக்கு" என்றாள்.

"துறையில வெச்சுக்கத் தருவீங்களாம்மா? எடுத்தவர் பேரைச் சீட்டுல எழுதி வெப்போம்."

"அங்கே புளி போட்டுத் தேய்க்க மாட்டாங்களே?"

பரீதா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். முத்தாயி லீலாவின் பக்கம் திரும்பினாள். அவளைத் தொடவில்லை.

"நீ கேட்டே. அவன் கொண்டுவந்துட்டான்" என்றாள். "நீ இன்னும் பதில் சொல்லலை."

லீலா பிளந்த கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். எட்டு மாதமாகத் தொடப் பயந்த கல். உட்புறம் இன்னும் குளிர்ந்திருந்தது.

"சிப்பிதாங்க" என்றாள். "நம்புறேன்."