அந்தோணியாருக்கு வைத்த சென்சார்

அல்போன்ஸுக்குப் பயம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கிழங்குக் காட்டில் பன்றி இறங்கினால் ஒற்றைத் தடியோடு போய் நிற்பார். ஆனால் மொரப்பூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது யாராவது, "பொண்ணு அடுத்தது என்னா படிக்கப் போவுது?" என்று கேட்டுவிட்டால் போதும். செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, வராத அழைப்புக்கு, "ம், சொல்லுங்க" என்பார். பக்கத்தில் நிற்கும் மகள் ஷைனிக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

எல்லாம் அந்தப் படிப்பின் பெயரால் வந்த வினை. இன்டராக்டிவ் ஆர்ட்ஸ், டிசைன் அண்டு டெக்னாலஜி. பெங்களூரில் நான்கு வருடம்.

"ஆர்ட்ஸ்னா பி.ஏ. டெக்னாலஜின்னா பி.டெக். ஒரே படிப்புல ரெண்டும் எப்பிடி இருக்கும்? நடுவுல டிசைன் வேற வந்து உக்காந்துட்டு இருக்குது" என்றார் அல்போன்ஸ்.

ஷைனி பொறுமையாகத்தான் விளக்கினாள். "இப்ப ஏ.டி.எம். இருக்குதுல்லப்பா? எந்த பட்டன எங்க வெச்சா ஆளுங்க தடுமாற மாட்டாங்கன்னு யோசிப்போம். மியூசியத்துல கைய நீட்டுனா செவுத்துல படம் நகருற மாதிரி செய்வோம்."

"ஏ.டி.எம். ரிப்பேரா?"

"இல்லப்பா."

"பின்ன மியூசியத்துல வேலையா?"

அம்மா ராஜமேரி அடுப்படியிலிருந்து, "வுடுங்களேன், அது இஷ்டப்பட்டத படிக்கட்டும்" என்று குரல் கொடுத்தாள். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லைதான். ஆனால் மகள் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவள் கட்சி. அல்போன்ஸின் கட்சிக்கு ஓசூரில் வேலை பார்க்கும் அவர் தம்பி அந்தோணி பிரகாஷ் போனிலேயே தலைமை தாங்கினான். சேலத்தில் கவுன்சிலிங்கில் கிடைத்திருக்கும் ஈ.சி.ஈ. சீட்டை விடக் கூடாது என்பது அவன் தீர்ப்பு. அந்த சீட்டை உறுதி செய்யக் கடைசி நாள் புதன்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. பெங்களூர்க் கல்லூரிக்கும் கடைசி நேரம் அதே புதன், அதே ஐந்து மணி. இன்டர்வியூவெல்லாம் முடித்துவிட்டாள். இனி இரண்டே இரண்டுதான் பாக்கி. ஒன்று, வீட்டிலிருந்து செய்து அனுப்ப வேண்டிய ஒரு வேலை. இன்னொன்று, படிவத்தில் அப்பாவின் கையெழுத்து.

வேலை இதுதான். உன் ஊரில் ஆட்கள் வந்து போகும் ஓர் இடத்தில், அவர்களுக்குப் பதில் சொல்வது போல ஒன்றைச் செய்து வை. யாரிடமும் விளக்காதே. மூன்று நாள் கழித்து, மக்கள் அதை என்ன செய்தார்கள் என்று எழுது.

ஷைனிக்கு உடனே ஞாபகம் வந்தது பஸ் ஸ்டாப் பக்கத்து அந்தோணியார் கெபிதான். நெஞ்சளவு உயர மேடை, அதன் மேல் கண்ணாடிக் கூண்டு, உள்ளே குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியார். அந்த ஊரில் வேதக்காரர்கள், இந்துக்கள் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் அவரைக் கேட்டுத்தான் எதையும் செய்வார்கள். கேட்பதற்கு ஒரு முறை உண்டு. மெழுகுதிரி ஏற்றி வைத்து, விஷயத்தை வாய்விட்டுச் சொல்லி, ஓர் அருள் நிறைந்த மரியே சொல்ல வேண்டும். அதுவரை சுடர் நின்றால் சம்மதம். அணைந்தால் வேண்டாம். ஜெபம் தெரியாதவர்கள் இருபது வரை எண்ணிக்கொள்ளலாம்.

சிக்கல் என்னவென்றால் இது ஆடி மாதம். அடிக்கிற காற்றில் முக்காடே தலையில் நிற்காது, மெழுகுதிரி எங்கே நிற்கும்? ஆடியில் அந்தோணியார் யாருக்கும் எதற்கும் சம்மதம் சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

பாவம், சனங்கள் குச்சி குச்சியாகக் கிழித்துப்போடுகிறார்களே, காற்றுக்கு அணையாத விளக்கு ஒன்று வைப்போம் என்று ஷைனி நினைத்தாள். எதிரே ஆள் நிற்பதைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்று. கூண்டுக்குள் மறைவாக மஞ்சள் பல்புகள். ஆள் வந்து நின்றால் மெல்ல எரியும், நிற்க நிற்க வெளிச்சம் கூடும், நகர்ந்தால் அடங்கும். யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்ற கணக்கு கெபிக்குப் பின்னாலிருக்கும் லேப்டாப்பில் ஏறும். பங்குச் சாமியார், "சிலையில ஆணி அடிக்காத வரைக்கும் சரிம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊர் தூங்கும் நேரத்தில் மாட்டி முடித்தாள்.

கெட்டிக்காரப் பெண்தான். ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. அணையாமல் எரிந்தால் சம்மதம் என்று நம்புகிற ஊரில், அணையவே அணையாத விளக்கைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

முதலில் வந்தது பக்கத்துக் காட்டுக்காரர் தீர்த்தகிரி. திங்கட்கிழமை காலை அவர் ஏற்றிய மெழுகுதிரி வழக்கம்போல் அணைந்துவிட்டது. கிளம்பத் திரும்பியவர் கூண்டுக்குள் வெளிச்சத்தைப் பார்த்து அப்படியே நின்றார். நின்றதால் வெளிச்சம் கூடியது. "சாமி! அப்ப மேக்கால மூலையிலயே போர் போட்டுரட்டுமா?" என்று கேட்டார். இன்னும் கூடியது. தீர்த்தகிரி அங்கிருந்தே போர் வண்டிக்குப் போன் போட்டார்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? மறுநாள் செவ்வாய், அந்தோணியாருக்கு உகந்த நாள் வேறு. மத்தியானத்துக்குள் வரிசை பஸ் ஸ்டாப்பைத் தாண்டிவிட்டது. முனியம்மாள் ஒரே மூச்சில் மூன்று சம்மதம் வாங்கினாள். அதில் ஒன்று, மருமகளோடு இனி பேச வேண்டியதில்லை என்பது. கெபிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஷைனிக்கு வியர்த்துவிட்டது. விளக்கக் கூடாது என்பது விதி. நாளையோடு கழற்றிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து, மேற்கே சூரியன் இறங்கும் நேரம். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு செருமல். அந்தச் செருமலை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

"கோடி அற்புதரே" என்று ஆரம்பித்தார் அல்போன்ஸ். ஷைனி எழுந்து ஓடினால் அப்பா பார்த்துவிடுவார். உட்கார்ந்திருந்தால் கேட்கக் கூடாததைக் கேட்க வேண்டும்.

"எம்பொண்ணு கெட்டிக்காரிங்க சாமி. அது உங்களுக்கே தெரியும். அது என்னாமோ ஒரு படிப்பு சொல்லுது. பத்து தடவ சொல்லிருச்சு, எம்மண்டையில ஏறல. யாராச்சும் கேட்டா போன காதுல வெச்சிக்கிறன். சொந்தப் பொண்ணு என்னா படிக்குதுன்னு சொல்லத் தெரியாத அப்பன் எதுக்குங்க? ஈ.சி.ஈ.ன்னா அதுவும் எனக்குப் புரியாது, ஆனா ஊருக்குப் புரியும். அது பெங்களூரு போயி, எனக்குப் புரியாத பேச்செல்லாம் பேசி, அப்பறம் எங்கிட்ட பேசறதுக்கே ஒண்ணும் இல்லாம போயிருமோன்னு பயமா இருக்குதுங்க." வெகுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, "இந்த பெங்களூரு வேணாம், சேலமே போதும்னா ஒரு அடையாளம் காட்டுங்க."

ஷைனி வயரைப் பிடுங்கப் போனாள். கை பாதியில் நின்றது. பிடுங்கினால் அந்தோணியார் பெயரில் தானே பதில் சொன்னதாகிவிடும். பிடுங்காவிட்டால் அவள் செய்த விளக்கே அவள் படிப்புக்கு வேட்டு வைக்கும். அவள் முடிவெடுப்பதற்குள், அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் சரியாகச் செய்தது. கூண்டு பூராவும் தகதகவென்று எரிந்தது.

"சரிங்க சாமி" என்றார் அல்போன்ஸ். குரலில் சந்தோஷமே இல்லை.

ராத்திரிச் சோற்றில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. சேலம்தான், ஈ.சி.ஈ.தான், அந்தோணியாரே சொல்லிவிட்டார். ராஜமேரி தட்டோடு எழுந்துவிட்டாள். புதன்கிழமை விடிந்ததும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கெபிக்குப் போனவள் கால் மணியில் திரும்பினாள். "நானும் கேட்டன். பெங்களூருக்கு அனுப்பட்டுமான்னு கேட்டன். கண்ணு கூசற மாதிரி எரிஞ்சுது."

"ரெண்டு பேச்சு பேச அவரு என்ன உந்தம்பியா? நீ கேட்டதுல தப்பு."

"நீங்க கேட்டதுலதான் தப்பு. உங்களுக்கு எதத்தான் ஒழுங்கா கேக்கத் தெரியும்?"

சண்டை ராஜமேரியின் தம்பி வரைக்கும், அங்கிருந்து கல்யாணத்தன்று சோறு பத்தாமல் போனது வரைக்கும் போனது. மத்தியானம் ஆகியும் ஓயவில்லை. ஷைனிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அப்பா, நீங்க எங்கூட கெபிக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்."

மணி மூன்று. கெபியில் ஆளில்லை. ஷைனி பின்பக்கம் கூட்டிப்போய் வயரையும் சென்சாரையும் லேப்டாப்பையும் காட்டினாள். முன்னால் போய் நின்றாள், எரிந்தது. நகர்ந்தாள், அடங்கியது. பக்கத்தில் மேய்ந்த ஆட்டை இழுத்து வந்து நிறுத்தினாள். ஆட்டுக்கும் எரிந்தது.

அல்போன்ஸ் ஆட்டைப் பார்த்தார், அந்தோணியாரைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார். "நேத்து நீ இங்கதான் இருந்தியா?"

"ம்."

"எல்லாம் கேட்டியா?"

ஷைனிக்குக் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சிருங்கப்பா. எழுந்து போயிருக்கணும். போவ முடியல."

அவர் முகத்தைக் காட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஷைனி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "மூணு நாள்ல இருநூத்திப் பதினாலு பேரு வந்திருக்காங்கப்பா. எல்லாரும் ஒரு நிமிசம், ஒண்ணர நிமிசம். நீங்க மட்டும் பதினோரு நிமிசம் நின்னிருக்கீங்க."

அல்போன்ஸ் திரும்பி அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். "இதெல்லாமா அதுல ஏறுது?"

"அதான்பா இந்தப் படிப்பு. நாம ஒண்ணு செஞ்சு வெச்சா, ஆளுங்க அத என்னான்னு எடுத்துக்கிறாங்கன்னு பாக்கறது. நான் மொதல்லயே தப்பு பண்ணிட்டன். காத்துக்கு அணையாம இருந்தா போதும்னு வெச்சன். நம்ம ஊர்ல அதுக்கு என்னா அர்த்தம்னு யோசிக்கல."

அவர் கூண்டுக்குள் இருந்த பல்புகளைக் கை காட்டினார். "அத கழட்டு" என்றார்.

கழற்றினாள். அல்போன்ஸ் முன்னால் போய், சட்டைப் பையிலிருந்து மெழுகுதிரி எடுத்து ஏற்றி, "பெங்களூருக்கே அனுப்பட்டுங்களா சாமி?" என்றார். அணைந்தது. மறுபடி ஏற்றினார், அணைந்தது. மூன்றாவது குச்சி திரியை எட்டவேயில்லை. ஊர் முறைப்படி இதற்கு ஒரே அர்த்தம்தான். அல்போன்ஸ் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு அந்தோணியாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"காத்து அடிக்குதுங்க சாமி. உங்க மேல தப்பில்ல. இத நானே பாத்துக்கிறன்."

அந்த நேரம் பார்த்து தீர்த்தகிரி டி.வி.எஸ்ஸில் வந்து நின்றார். "என்னாங்கண்ணா, அப்பனும் மவளும் ஒண்ணா வேண்டிக்கிறீங்க? ஆமா, பாப்பா என்னா படிக்கப் போவுது?"

அல்போன்ஸின் கை வழக்கம்போல் செல்போனுக்குப் போனது. ஷைனி பார்த்துக்கொண்டே இருந்தாள். கை பாதியில் நின்று கீழே இறங்கியது.

"ஒரு பொருளு இருந்தா, மனுசன் அதுக்கு முன்னால நின்னு என்னா நெனைப்பான், என்னா செய்வான்னு பாத்து, அதுக்குத் தக்கன செய்யற படிப்புப்பா. பெங்களூர்ல. இந்தா, இந்த விளக்குகூட எம்பொண்ணு செஞ்சதுதான். ஆளு நின்னா எரியும். ஆடு நின்னாலும் எரியும்."

தீர்த்தகிரி தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அப்ப எனக்கு எரிஞ்சது?"

"அதுவும் அது எரிய வெச்சதுதான்."

"அடப்பாவி! போர் வண்டி அரூரு தாண்டிருச்சுங்கண்ணா!" வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார்.

ஷைனி ஓடிப்போய் லேப்டாப்பில் அதையும் அறிக்கையில் எழுதிச் சேர்த்தாள். மணி நான்கரை. மேடை மேல் படிவத்தை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு, அல்போன்ஸ் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலே நின்றார்.

"அந்தப் பதினோரு நிமிசமும் இதுல போவுதா?"

"போவுதுப்பா."

"போவட்டும்" என்றார். "பேரு மட்டும் போடாத."