அத்தை கொண்டுவந்த தட்டு

என் மாமியார் கெங்கம்மாள் என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. இதை அவள் வசதியாக மறந்துவிட்டாள்.

என் மகன் அன்பரசுக்கு நான்கு வயது. தலசீமியா. மாதாமாதம் வேலூரில் ரத்தம் ஏற்றுகிறோம். என்னிடம் ஒரு குறையுள்ள மரபணு, என் கணவரிடமும் அதே ஒன்று, ஒன்று மட்டும் இருந்தால் ஆளை ஒன்றும் செய்யாது, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அத்தையும் பக்கத்தில்தான் இருந்தாள். ஆரணி பஸ் ஏறுவதற்குள் அவள் காதில் பாதிதான் மிஞ்சியது: மருமகளிடம் குறை. எங்கள் ஊர் சேவூர் முழுக்க அதையே பரப்பினாள். என் கணவர் சக்கரவர்த்தி தறிச் சத்தத்தில் காது கேட்காதவர் போல இருந்துவிட்டார். பெரிய வீரர்.

போன தை மாதம் அத்தை பூ, பழத்தட்டோடு எங்கள் அப்பா வீட்டுக்கு வந்தாள். இளைய மகன் கோகுல்ராஜுக்கு என் தங்கை அகல்யாவைக் கேட்டாள். குறையுள்ள வீட்டில் ஏன் மறுபடியும் பெண்? வெளியில் பெண் கேட்டால் அன்பரசைப் பார்த்து ஆயிரம் கேள்வி கேட்பார்களாம். சொந்தத்தில் யார் கேட்கப் போகிறார்கள்? என்ன மூளை! தன் தங்கையே வாய்விட்டுக் கேட்டதில் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கு அன்பரசுதான் நினைவுக்கு வந்தான். இன்னொரு பிள்ளை ஊசிக்குக் கை நீட்ட வேண்டுமா?

அகல்யா ஏற்கெனவே டெஸ்ட் எடுத்திருந்தாள். அவளிடமும் அந்தக் குறையுள்ள மரபணு ஒன்று இருந்தது. கோகுல்ராஜும் எடுக்கட்டும் என்றேன்.

அத்தை சிரித்தாள். "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு டெஸ்ட்டு? எங்களுக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் உங்க வீட்டு ரத்தம்."

"அத்த, நீங்க பொறந்த வீட்டுலயே உக்காந்துகினு இதைச் சொல்றீங்க."

சுவரில் தாத்தா படம் இருந்தது. வந்ததும் "அப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே மாலை போட்டிருந்தாள். இப்போது அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கூட வந்திருந்த கோகுல்ராஜ்தான் எழுந்தான். "வாம்மா, ரெண்டு பேருமே எடுத்துடலாம்."

அம்மாவுக்கும் பிள்ளைக்கும், இரண்டு பேருக்கும் அது இருந்தது. தட்டு திரும்பிப் போயிற்று.

அகல்யாவுக்குத் திமிர், சொந்தத்தை மதிக்கவில்லை என்று அத்தை இப்போது ஊரெல்லாம் சொல்கிறாள். ரத்தம் என்ற பேச்சை மட்டும் எடுப்பதில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும், என் தங்கை தப்பித்தாள்.

இதே தட்டு எனக்காக வந்த அன்று கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. திங்கட்கிழமை அன்பரசை வேலூருக்குக் கூட்டிப்போக வேண்டும்.