சிவப்பு ஏப்ரன்

மெக்சிகோவின் வஹாக்கா சந்தை வாசலில் காலை ஆறு மணிக்கே யுரிடியாவும் அவள் அம்மாவும் தமால் பானையை இறக்கிவிடுவார்கள். தமால் என்பது சோள மாவைச் சோளக்கதிர்த் தோலில் பொதிந்து அவித்த பண்டம், சூடாக இருக்கும்வரைதான் விற்கும். ஆள் வராத நேரத்தில் யுரிடியா படம் அச்சடிக்கும் லினோ தகட்டை மடியில் வைத்துச் செதுக்குவாள். எட்டு மணிக்கு ஓவியக் கல்லூரி. உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு வாய்த்தது ஞாயிறு மட்டும்தான்.

தமால் விற்கும் அம்மாவைத்தான் அவள் செதுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே தகடு, மூன்று நிறம். முதலில் எல்லாத் தாளிலும் மஞ்சள். பிறகு அதே தகட்டை இன்னும் செதுக்கிச் சிவப்பு, இன்னும் செதுக்கிக் கறுப்பு. செதுக்கிப் போனது போனதுதான், திரும்பாது. வெள்ளிக்கிழமை ஒன்றுபோல ஐந்து படம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் அச்சுக்கூடத்தில் இடமில்லை.

எட்டுத் தாளில் மஞ்சள் ஏறியிருந்தது. திங்களன்று மூன்றில் மட்டும் சிவப்பு ஏற்றியதும் அச்சு எந்திரத்தில் அவள் முறை முடிந்தது. மீதி ஐந்தை அடுத்த முறைக்கு வைத்தாள். செவ்வாய் காலை தூக்கக் கலக்கம், கூட்டம் வேறு. கை தன்பாட்டுக்குச் செதுக்கிக்கொண்டே போனது. பார்த்தால், ஏப்ரன் இருந்த இடம் மொட்டையாக இருந்தது. அம்மாவின் ஏப்ரன் மட்டும்தான் அந்தப் படத்தில் சிவப்பு. மீதி ஐந்து தாளுக்கும் சிவப்பு ஏற்ற இனி தகட்டில் எதுவும் இல்லை.

"முதல் வருஷப் பசங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க," என்றான் அன்று கல்லூரியில் தகட்டைப் பார்த்த சானோ, கூடப் படிப்பவன். "தூரிகையால சிவப்பு தடவிடு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா."

"அப்ப கண்ணீரால அச்சடி."

அவள் கையில் பிரித்துவைத்திருந்த தமால் தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிவரியாக நரம்பு. ஏப்ரன் துணி மாதிரியே இருந்தது.

"உன் புதன்கிழமை முறையில பாதி குடு," என்றாள்.

"நாலு தமால் தரணும். கோழி வச்சது."

புதனன்று காய்ந்த தோல் எந்திரத்தில் வைத்ததுமே நொறுங்கியது. இரண்டாவதை ஊறவைத்து ஈரத்தோடே வைத்ததில் மை ஒட்டவில்லை. மூன்றாவதை ஊறவைத்து, மாவு வைக்குமுன் அம்மா செய்வதுபோல் துணியில் ஒற்றி எடுத்து, ஏப்ரன் வடிவில் வெட்டினாள். சிவப்பு மை பூசினாள். ஒவ்வொரு தோலுக்கும் நரம்பு வேறு. ஐந்தும் ஒன்றுபோல வர, ஒரே தோல் ஐந்து தடவை தாங்க வேண்டும்.

நான்கு தடவை தாங்கியது. ஐந்தாவதில் குறுக்கே கிழிந்தது. ஏப்ரனில் மஞ்சளாக ஒரு கீற்று.

"நாலு தமாலும் வீண்," என்றான் சானோ.

வெள்ளி காலை ஐந்திலும் கறுப்பை ஏற்றினாள். கீற்று அப்படியே நின்றது. முறை முடிய இன்னும் அரைமணி இருந்தது. கால்சட்டை ஓரத்திலிருந்து தடித்த நூலொன்றை உருவி, கறுப்பு மையில் உருட்டிக் கிழிசல்மேல் வைத்து அழுத்தினாள். கீற்று மறைந்தது, தையல் போட்டதுபோல் ஆனது. பிறகு மற்ற நான்கையும் எடுத்து, அதே இடத்தில் அதே நூலை வைத்து அழுத்தினாள்.

ஒதிலியா டீச்சர் ஐந்தையும் மேசையில் பரப்பிக் குனிந்து பார்த்தார்.

"இந்தத் தையல் முதல்லயே யோசிச்சதா?"

"இல்ல டீச்சர். ஒண்ணு கிழிஞ்சிடுச்சு. அஞ்சையும் தச்சிட்டேன்."

"கிழிஞ்சது எது?"

யுரிடியா காட்டினாள். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பத்துக்கு எட்டு என்று எழுதினார்.

"சிவப்பு முடியுமுன்னே தகட்டைச் செதுக்கினதுக்கு ரெண்டு போச்சு. கவனமா இருடி."

மறுநாள் காலை பானைக்குப் பக்கத்தில், டீச்சர் திருப்பித் தந்த ஒரு படத்தை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"என் ஏப்ரன் எப்படி கிழிஞ்சுது? ஊரே பார்க்கிற படத்துல!"

"அதான் தச்சிருக்கேன்ல."

"நல்லாத் தச்ச, கோணலா," என்றாள் அம்மா. "சரி, ஆள் வருது பாரு. பானையைத் திற."