பதினாலு பேர் பங்கு

கிறிஸ்துதாஸ் உபதேசியாருக்கு முப்பது பேர் வேண்டும். திருவிருந்து வாங்குகிறவர்களாக முப்பது பேர். அதில் ஒரு தலை குறைந்தாலும், ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே புதிதாகக் கல் நட்டுப் பிரித்த மனைகளுக்கு நடுவில் நிற்கிற அந்தக் கீற்றுக் கொட்டகை வெறும் கொட்டகைதான், சபை ஆகாது. காஞ்சிபுரத்திலிருந்து வரும் போதகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று வருஷம் ஆகிவிட்டது, இந்தத் தடவையும் ஆள் சேரவில்லையென்றால் கொட்டகையைப் பிரித்துவிட்டு உபதேசியாரை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். அந்தப் பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு கம்பெனிகள் முளைத்திருந்தன. தூத்துக்குடி, நாசரேத் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் வீட்டில் திருவிருந்து வாங்குகிறவர்கள் பதினெட்டுப் பேர். அவர்களுக்குப் பெரியவர் போர்மேன் அமிர்தநாதன். கொட்டகை நின்றதே அவர் வாங்கிப் போட்ட மனையில்தான். ஏரிக்கரைச் சேரியில் இந்தத் தடவை முதன்முதலாக வாங்கப்போகிறவர்கள் பதினாலு பேர். அவர்களைக் கூட்டி வந்தவள் பாப்பம்மாள். கீற்று முடைந்ததும், தரைக்கு ஏரி மணலைச் சுமந்து கொட்டியதும் அவளும் அவள் தெருப் பெண்களும். பதினெட்டும் பதினாலும் முப்பத்திரண்டு. உபதேசியாரும் அவர் மனைவியும் இதில் சேர்த்தி இல்லை. குளிக்கும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் கிறிஸ்துதாஸ் இதையேதான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்து ஆள் எண்ணுவதாக ஏற்பாடு; அதற்கு முதல் நாள் சனிக்கிழமை. உபதேசியாரின் மனைவி செல்வமேரி திருவிருந்து ரசத்துக்காகக் காய்ந்த திராட்சையை வேகவைத்து, மல் துணியில் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள். முப்பத்திரண்டு பேருக்குப் போதாமல் போய்விடக் கூடாதே என்று ஒரு பிடி அதிகமாகவே போட்டிருந்தாள். அப்போது அமிர்தநாதன் வந்தார்.

"உபதேசியாரே, பாத்திரம் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான் சார். போதகர் கொண்டாறாரு."

"அதாம் கேட்டேன். எங்க பொம்பளையளுக்கு ஒரு மாதிரியா இருக்காம். எனக்கு ஒண்ணுமில்ல, கேட்டேரா? மொதல்ல எங்காளுவ வாங்கிட்டு எந்திரிச்சிரட்டும். பொறவு அவிய வாய வைக்கட்டும். இல்லன்னா நாளைக்கு எங்கள எதிர்பாக்காதேரும்."

கிறிஸ்துதாஸ் வாலாஜாபாத்துக்காரர். வாலாஜாபாத்தில் எந்தத் தெரு என்று அமிர்தநாதன் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. அமிர்தநாதன் வீட்டில் எத்தனையோ நாள் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்.

"சரி சார். பாத்துக்கலாம்" என்றார்.

அமிர்தநாதனின் சைக்கிள் தெரு திரும்பியது. செல்வமேரி கேட்டாள்:

"இன்னாத்த பாத்துக்கப் போறீங்க? உங்கள எந்த வரிசையில ஒக்கார வெக்கப் போறாருன்னும் கேட்டுக்கினு இருக்கலாமே."

"முப்பது பேர் வேணும் மேரி."

"வேணும், வேணும்" என்று துணியை முறுக்கினாள்.

அவர் ஏரிக்கரைக்குப் போனார். பாப்பம்மாள் நாளைக்குக் கட்டுவதற்காக வெள்ளைப் புடவையை நீலத்தில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வா உபதேசியாரே! பாரு, தெருவுல ஒரு கயிறு பாக்கியில்ல. எல்லார் வூட்டுப் பொடவையும் காயுது."

"பாப்பம்மா, நாளைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ஷிப்ட் கீது. அவங்க மொதல்ல வாங்கிக்கினு கெளம்பட்டும். நீங்க அப்பால வாங்க."

"ஞாயித்துக்கெழமையில எந்தக் கம்பெனியில ஷிப்ட்டு?"

கிறிஸ்துதாஸ் கொடியில் தொங்கிய புடவைகளைப் பார்த்தார்.

பாப்பம்மாள் புடவையைப் பிழிந்து உதறினாள். "வாலாஜாபாத்துலதான் என் நாத்தனாரு வாக்கப்பட்டா. உங்கம்மா வூட்டுக்கு மூணாவது வூடு. நீ வந்த மொத நாளே எனக்குத் தெரியும். நம்ம புள்ள, நாலு பேரு மதிக்கிற எடத்துல கீதுன்னு யாராண்டயும் வாயத் தொறக்கல."

"இந்த ஒரு தடவதான் பாப்பம்மா. சபைன்னு ஆயிட்டா அப்புறம் எல்லாம்…"

"போ தம்பி. வெயில்ல நிக்காத."

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். கிறிஸ்துதாஸ் இரண்டு தடவை எண்ணினார், முப்பத்திரண்டு. அமிர்தநாதன் பக்கத்தார் முன்னால் உட்கார்ந்தார்கள். ஏரிக்கரையார் பின்னால், தாங்கள் கொட்டிய மணலில் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. வழக்கப்படி உபதேசியாரும் செல்வமேரியும் முதலில் வாங்கினார்கள். அப்புறம் மேஜைக்கு முன்னால் விரித்த கோரைப்பாயில் ஆறாறு பேராக முழங்காலிட்டு மூன்று வரிசை. ஒவ்வொருவர் குடித்ததும் போதகர் பாத்திரத்தின் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்தார்.

பாய் காலியானது. போதகர் பாத்திரத்தோடு நின்றார். கிறிஸ்துதாஸ் பின்பக்கம் பார்த்து, வாங்க என்று கையைக் காட்டினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் பாப்பம்மாள் எழுந்தாள். அப்பாடா, வருகிறாள் என்று அவர் மூச்சு விட்டார். அவள் போதகரைப் பார்த்துக் கும்பிட்டாள், முந்தானையைச் செருகிக்கொண்டாள், திரும்பி வெளியே நடந்தாள். மற்ற பதிமூன்று பேரும் சத்தமில்லாமல் பின்னாலேயே போனார்கள். கீற்று இடுக்கு வழியாக ஏரிக்கரைமேல் வெள்ளைப் புடவைகள் வரிசையாகப் போவது தெரிந்தது.

"அவியளுக்குப் பழக்கமில்லல்லா? அடுத்த மாசம் வருவாவ" என்றார் அமிர்தநாதன், காதோரமாக.

ஆராதனை முடிந்து, கொட்டகையில் மூன்று பேர்தான் மிச்சம். போதகர் நோட்டில் பதினெட்டு என்று எழுதி மூடினார்.

"நான் மேல என்னன்னு சொல்றது கிறிஸ்துதாஸ்? அடுத்த மாசம் உங்களை மாத்திடுவாங்க. கீத்து இன்னும் நல்லாத்தான் இருக்கு, வீணாக்காம பிரிச்சு எடுத்துக்கச் சொல்லுங்க."

"சரிங்கய்யா."

"இந்தாங்க. பேருக்கு ஒரு மடக்கு குடிச்சிட்டேன். எனக்குச் சர்க்கரை, அதுக்கு மேல ஆகாது. ஜெபிச்சுப் பிரதிஷ்டை பண்ணினது, மீதி வைக்கவும் கூடாது, கொட்டவும் கூடாது. நீங்க முடிச்சிடுங்க."

பாத்திரம் கனத்தது. செல்வமேரி மேஜை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள், திரும்பியே பார்க்கவில்லை. கிறிஸ்துதாஸ் அந்தக் கோரைப்பாயில் தனியாக முழங்காலிட்டார். குடித்தார். நல்ல இனிப்பு. ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் மூன்று வருஷமாக எண்ணிப் பழகிய மனசு, கேட்கவில்லை. மூன்றாவது மடக்கு பாப்பம்மாளின் நாத்தனார் வீட்டு நினைப்போடு இறங்கியது. பத்து. பன்னிரண்டு. திகட்டியது, பாத்திரத்தை இறக்க முடியாது.

பதினாலு எண்ணி முடித்தும் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது.